மஞ்ச லைட்டு மேல டேப் ஒட்டலாமா? பிக்கப் டயர் காத்து பத்தி ஒரு வாசகிக்கு பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க பீடோர் பக்கத்துல ஒரு எஸ்டேட்டுல இருக்கோம். வீட்டுக்காரர் போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிக்கப் வாங்குனாரு, எட்டு வருஷ வண்டி, ஸ்போட் ரிம்மு பெரிய டயரு எல்லாம் போட்டே வந்துச்சு. சாவிய போட்டதும் டேஷ்போர்டுல மஞ்ச கலர்ல லாடம் மாதிரி ஒரு படம், உள்ள ஆச்சரியக்குறி, கொஞ்ச நேரம் மினுக்கிட்டு அப்புறம் அப்படியே எரிஞ்சுகிட்டே இருக்கு. காத்து அடிச்சு பாத்தாச்சு, போகல. தெரிஞ்ச வொர்க்ஷாப் ஃபோர்மேன் ஒருத்தர் "சென்சர் கோளாறு, ஒன்னும் ஆகாது" ன்னு அது மேல கருப்பு டேப் ஒட்டிட்டாரு. கொழுந்தனோட வண்டில ஒரு பட்டன அமுக்குனா லைட்டு போயிடுதாம், எங்க வண்டில அந்த பட்டனே காணோம். இந்த வண்டிதான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி மாமனார் தோட்டத்து செம்பனை குலைய மில்லுக்கு ஏத்திக்கிட்டு போகுது, ஸ்கூல் லீவுல புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கேமரன் மலைக்கு போறதும் இதுலதான். டேப் ஒட்டுனது சரியா? எனக்கு மனசே கேக்கல.

பதில்: தங்கச்சி, உங்க மனசு சொல்றதுதான் சரி, இன்னைக்கே அந்த டேப்ப பிச்சு எடுத்துடுங்க. ஃபோர்மேன் சொன்னதுல பாதி உண்மை, சென்சர் பக்கம்தான் கோளாறு, ஆனா "ஒன்னும் ஆகாது" ன்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

அது டயர் காத்து எச்சரிக்கை லைட்டு. அந்த ஒரே லைட்டு ரெண்டு விதமா பேசும், இத வீட்டுக்காரருக்கும் சொல்லிடுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் எல்லா லைட்டும் ஒரு தடவ எரிஞ்சு அணையும், அது சும்மா பல்பு வேலை செய்யுதான்னு பாக்குறது. அதுக்கப்புறம் மினுக்காம நேரா எரிஞ்சு நின்னா ஏதோ ஒரு டயர்ல காத்து கொறஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் மினுக்கிட்டு அப்புறம் நின்னா அது காத்த பத்தி பேசல, "எனக்கு டயர்ங்கள பாக்க முடியல, என்னை நம்பாதீங்க" ன்னு சொல்லுது. உங்களுது ரெண்டாவது வகை. அதான் எவ்வளவு காத்து அடிச்சாலும் போகல, போகவும் போகாது. டேப்ப ஒட்டிட்டா இந்த வித்தியாசமே தெரியாம போயிடும், அதவிட மோசம், கொஞ்ச நாள்ல வண்டிக்கு அந்த பார்வை இல்லன்றதே வீட்டுல எல்லாருக்கும் மறந்துடும்.

இப்ப அது ஏன் பாக்க முடியலன்னு பாப்போம். உங்க மாதிரி வண்டிங்கள்ல ஒவ்வொரு ரிம்முக்குள்ளயும் காத்து அடிக்கிற வால்வோட ஒட்டுனாப்ல கட்டைவிரல் பெருசுக்கு ஒரு சென்சர் இருக்கும், டயர கழட்டுனாத்தான் கண்ணுக்கு தெரியும். அதுக்குள்ள ஒரு சின்ன பேட்டரி, காத்தையும் சூட்டையும் அளக்குற ஒரு சிப்பு, ஒரு குட்டி ரேடியோ. வண்டி நிக்கிறப்ப பேட்டரிய மிச்சம் பண்ண அது தூங்கும், சக்கரம் ஓட ஆரம்பிச்சா முழிச்சுக்கிட்டு தன் நம்பரையும் காத்து அளவையும் அனுப்பும். நம்பர்னு சொன்னேன்ல, ஒவ்வொரு சென்சருக்கும் தனி நம்பர் உண்டு, அந்த நாலு நம்பரும் வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கும், பதியாத சென்சர் எவ்வளவு கத்துனாலும் வண்டி காதுல வாங்காது. பேட்டரிய மட்டும் மாத்த முடியாது, மொத்தமா அடைச்சு வெச்சிருப்பாங்க, ஆயுசு அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரைக்கும். உங்க வண்டி எட்டு வருஷம், அதனால பேட்டரி செத்துருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஆனா எனக்கு அதவிட பெரிய சந்தேகம் அந்த ஸ்போட் ரிம்மு மேல. நம்ம ஊருல பிக்கப் விக்கிறவங்க நெறய பேரு பழைய ரிம்ம தனியா வித்துட்டு வேற ரிம் மாட்டிதான் வண்டிய தள்ளுவாங்க, அப்ப சென்சர் நாலும் பழைய ரிம்மோட போயிருக்கும், வண்டி பாவம் இன்னும் அந்த பழைய நாலு நம்பரையே தேடிக்கிட்டு இருக்கும். இத நீங்களே வீட்டு வாசல்ல ஓரளவுக்கு பாக்கலாம். காத்து அடிக்கிற மூடிய கழட்டிட்டு வால்வ பாருங்க, அடியில ஆறு பக்க நட்டு போட்ட உலோக தண்டா இருந்தா உள்ள சென்சர் இருக்க வாய்ப்பு அதிகம். முழுக்க கருப்பு ரப்பர்ல ரெண்டு வெரலால வளைச்சா நல்லா வளையுற சாதா வால்வா இருந்தா பெரும்பாலும் உள்ள ஒன்னும் இல்ல. ரப்பர் தண்டு வெச்ச சென்சரும் இருக்கு, அதுல நுனிப்பக்கம் பித்தளை கொஞ்சம் நீளமா வெளிய தெரியும், சட்டுனு வளையாது. அதனால இத வெச்சே முடிவு கட்டாதீங்க. சென்சர தட்டி எழுப்புற கையடக்க கருவி வெச்சிருக்கற டயர் கடைக்கு போங்க, ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அத வெச்சு அமுக்குனா உள்ள சென்சர் இருக்கா, உயிரோட இருக்கா, காத்து எவ்வளவு, பேட்டரி எப்படி எல்லாம் அங்கயே காட்டிடும், டயர கழட்டவே வேணாம். அந்த கருவி இல்லாத கடையில "சென்சர் போச்சு" ன்னு யாராவது சொன்னா அது ஊகம்தான், அந்த ஊகத்துக்கு காசு குடுக்காதீங்க.

கொழுந்தன் பட்டன் விஷயத்த தனியா சொல்லணும், ஏன்னா எனக்கு உங்க வண்டியவிட அவர் வண்டி மேலதான் இப்ப பயம். அவருது பெரும்பாலும் வேற வகையா இருக்கும். அதுல டயருக்குள்ள சென்சரே கெடையாது, ஏபிஎஸ் பிரேக்குக்காக சக்கரத்துல இருக்கற ஸ்பீட் சென்சர வெச்சு கணக்கு போடும். காத்து கொறஞ்ச டயர் உருளுற வட்டம் கொஞ்சம் சின்னதாயிடும், அதனால அதே தூரத்துக்கு மத்த மூனவிட கூட சுத்தும், அந்த வித்தியாசத்த வெச்சு லைட்ட போடும். அந்த பட்டன் லைட்ட அணைக்கிறதுக்கு இல்ல தங்கச்சி, "இப்ப இருக்கற காத்துதான் சரியான அளவு, இத மனசுல வெச்சுக்க" ன்னு வண்டிக்கு சொல்லி குடுக்குறதுக்கு. டயர் ஆறி இருக்கறப்ப நாலு டயருக்கும் சரியா காத்து அடிச்சு முடிச்சுட்டுதான் அத அமுக்கணும். அவர் லைட்டு வர்றப்பல்லாம் காத்து பாக்காம அமுக்குறாருன்னா, கொறஞ்ச காத்தையே சரின்னு வண்டிக்கு பழக்கிக்கிட்டு வர்றாரு, இனிமே இன்னும் நெறய எறங்குனாத்தான் அது வாயத் தொறக்கும். நாலு டயரும் மாசக்கணக்குல ஒன்னு போல எறங்குனா இந்த வகையில சிலதுக்கு தெரியவே தெரியாது. இன்னைக்கு சாயந்தரமே அவருக்கு ஃபோன் பண்ணி சொல்லிடுங்க.

அடுத்தது செம்பனை குலை. இதுதான் உங்க லெட்டர்ல என்னைய ரொம்ப யோசிக்க வெச்ச எடம், ஏன்னா லைட்டு ஒழுங்கா வேலை செய்யிற வண்டிலயும் இங்கதான் ஆளுங்க ஏமாறுறாங்க. டிரைவர் கதவ தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல முன் டயருக்கு பின் டயருக்கு காத்து எவ்வளவுன்னு போட்டிருக்கும், பிக்கப்பா இருந்தா நெறய வண்டில பின் டயருக்கு லோடு இல்லாதப்ப ஒரு அளவு, ஃபுல் லோடுக்கு ஒரு அளவு. ஒரு பேச்சுக்கு லோடு இல்லாம 240, ஃபுல் லோடுக்கு பின்னாடி 300 ன்னு வெச்சுக்குவோம், நம்ம பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின்ல வர்ற அதே கேபிஏ கணக்கு. அமெரிக்க சட்டப்படி ஸ்டிக்கர் அளவுல இருந்து நாலுல ஒரு பங்கு கொறஞ்சாதான் லைட்டு வந்தாகணும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். 240 ல நாலுல ஒரு பங்கு போனா 180. அதாவது 185 ல ஓடுனாலும் லைட்டு வராம இருக்கலாம். அந்த 185 ல குலைய ஏத்துனா என்ன ஆகும்? டயருக்கு தேவை 300, இருக்கறது 185, டேஷ்போர்டு ஒன்னுமே சொல்லாது. வண்டில எவ்வளவு பாரம் இருக்குன்னு அந்த சென்சருக்கு தெரியாது, அது காத்த மட்டும்தான் பாக்கும்.

பாரம்னா சாதாரண பாரம் இல்ல. நல்லா வெளஞ்ச மரத்து குலை ஒன்னு 20 கிலோன்னு வெச்சா 50 குலையிலயே ஒரு டன் வந்துடுது. பெரும்பாலான பிக்கப் உள்ள ஒக்காருற ஆளையும் சேத்து தாங்குறதே ஒரு டன்ன ஒட்டித்தான். மாமனார்கிட்ட மரியாதையாவே சொல்லுங்க, கடைசி பத்து குலைய அடுத்த நடைக்கு விட்டா நஷ்டம் ஒன்னும் இல்ல. காத்து கொறஞ்ச டயர் பாரத்தோட ஓடுறப்ப அதோட பக்கச்சுவரு ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும், கம்பிய வளைச்சு வளைச்சு நிமுத்துனா சூடேறுமே அதே கதைதான், அந்த சூடு உள்ள இருக்கற ரப்பரையும் பெல்ட்டையும் ஒட்டவெச்சத பிரிச்சுடும், வெளியில பாத்தா ஒன்னும் தெரியாது, ஒரு நாள் மத்தியான வெயில்ல ஹைவேயில மேல் தோலு மொத்தமா பிச்சுக்கிட்டு போகும்.

இப்படி ஆனதாலதான் இந்த லைட்டே வந்துச்சு. 2000 ஆவது வருஷம் ஆகஸ்ட்டுல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி லட்சக்கணக்கான டயர திருப்பி வாங்குச்சு, நெறய ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிங்கள்ல ஓடுறப்பவே டயர் மேல் தோலு பிரிஞ்சு வண்டி உருண்டு நெறய உயிரு போச்சு. அதே வருஷம் நவம்பர்ல அங்க சட்டம் போட்டாங்க, அதுல இருந்து பொறந்ததுதான் இந்த எச்சரிக்கை. 2007 செப்டம்பர்ல இருந்து அங்க புதுசா செய்யிற எல்லா காருக்கும் பிக்கப்புக்கும் இது கட்டாயம், ஐரோப்பாவுல 2014 நவம்பர்ல இருந்து புது கார் எல்லாத்துக்கும். அத்தன உயிரு போனதுக்கப்புறம் வந்த லைட்டு மேல போயி டேப்ப ஒட்டுறது எனக்கு தாங்கல.

அதனால லைட்டு நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் காத்து அளக்குற கேஜ் ஒன்னு வாங்கி வீட்டுலயே வெச்சுக்கங்க, காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்ன டயர் ஆறி இருக்கறப்ப அளந்து பாருங்க. ஓடி வந்த டயர் 30, 40 கேபிஏ கூடுதலா காட்டும், அத பாத்துட்டு "ஓவரா இருக்கு" ன்னு காத்த எறக்கிட்டா ஆறுனதும் கொறஞ்சு போயிடும், சூடான டயர்ல காத்த எறக்கவே எறக்காதீங்க. எட்டி ஒதச்சு பாக்குறது, கண்ணால பாக்குறது எல்லாம் வேணாம், அதுவும் உங்க வண்டில இருக்கற கனமான டயர் 180 ல இருந்தாலும் பாக்க கல்லு மாதிரிதான் நிக்கும். மில்லுக்கு போற நாள்ல பின் டயர ஃபுல் லோடு அளவுக்கு ஏத்துங்க, கேமரன் போற நாள்ல பின்னாடி காலியா இருந்தா சாதா அளவுக்கு காலையிலயே எறக்கிடுங்க, காலி பிக்கப்புல பின் டயர் கல்லா இருந்தா ஈர ரோட்டு வளைவுல பின்பக்கம் இழுக்கும். இன்னொன்னு, கம்பெனி டயர் இல்லாம எல்டி (லைட் டிரக்) ன்னு போட்ட பெரிய டயரா இருந்தா அதே பாரத்துக்கு ஸ்டிக்கர்ல உள்ளதவிட கூட காத்து கேக்கும், டயர் கடையில எந்த பாரத்துக்கு எவ்வளவு காத்துன்னு காட்டுற லோடு டேபிள் இருக்கும், உங்க சைஸ சொல்லி கேளுங்க. டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கற நம்பர் அதிகபட்சம், அது வரைக்கும் அடிக்க சொல்லி எழுதல.

கேமரன் பத்தியும் ஒரு வார்த்தை. கீழ பீடோர்ல மத்தியானம் 32, 33 டிகிரி, மேல கேமரன்ல தானா ராத்தா ஊருல விடிகாலையில 16 டிகிரி வரைக்கும் எறங்கும். 10 டிகிரிக்கு சுமார் 10, 12 கேபிஏ உள்ள இருக்கற காத்து சுருங்கும், அதனால ஏற்கனவே ஓரத்துல இருக்கற டயரா இருந்தா ராத்திரி தங்கிட்டு காலையில வண்டிய எடுக்குறப்ப லைட்டு வரலாம், சென்சர் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க, அது சரியாத்தான் சொல்லுது. அதே நேரம் 1,400 மீட்டர் ஒசரத்துல வெளிய இருக்கற காத்து அழுத்தம் கொறவு, அதனால கேஜ் கொஞ்சம் கூட்டி காட்டும், குளிரு கொறச்சு காட்டும், ரெண்டும் சேந்து ஆள குழப்பிடும். காத்து கணக்க பொறப்படுற அன்னைக்கு காலையில வீட்டுலயே முடிச்சுட்டு தாப்பா ரோட்டுல ஏறுங்க, மேல போயி ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்காதீங்க.

இப்ப ரிப்பேருக்கு வருவோம். கடையில பாத்து சென்சரே இல்ல இல்லாட்டி செத்துப்போச்சுன்னு உறுதியாச்சுன்னா நாலையும் ஒரே நேரத்துல போடுங்க, ஒன்னு செத்தா மத்ததும் அதே வயசுதான், ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா டயர கழட்டி மாட்டி பேலன்ஸ் பண்ற கூலி வீண். டயர் மாத்துற நேரம் நெருங்கியிருந்தா அதோட சேத்து செஞ்சா கூலியே மிச்சம். அதுக்கு டயர் வயசயும் பாருங்க, பக்கவாட்டுல டிஓடி ன்னு போட்டு கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319 ன்னா 2019 ஆவது வருஷம் 23 ஆவது வாரம் செஞ்சது. செகண்ட் ஹேண்ட் வண்டில டயர் பூ (மேல இருக்கற வரிப்பள்ளம்) நல்லா இருக்கும், வயசு ஆகியிருக்கும்.

கம்பெனி சென்சர்தான் வேணும்னு இல்ல, நம்பர் எழுதிக்குற மாதிரி வர்ற வேற கம்பெனி சென்சர் கொறஞ்ச விலைக்கு கெடைக்கும், நல்லாவே ஓடும், ஆனா உங்க வண்டி மாடல் வருஷத்த சொல்லி வாங்குங்க. ரேடியோ அலையில 315 மெகாஹெர்ட்ஸ்ல பேசுறது ஒன்னு, 433 ல பேசுறது ஒன்னு, மாத்தி போட்டா வண்டிக்கு கேக்காது. ஆன்லைன்ல மலிவா இருக்குன்னு மெகாஹெர்ட்ஸ் பாக்காம வாங்கி தலையில கைய வெச்சவங்க நெறய பேரு. மாட்டுனதும் வண்டில பதிய வெச்சாங்களான்னு கேளுங்க, சில வண்டி கொஞ்ச தூரம் ஓட்டுனா தானா கத்துக்கும், சிலதுக்கு கருவிய சொருகித்தான் பதியணும், லைட்டு அணைஞ்சத கண்ணால பாத்துட்டு காச குடுங்க.

வேலை செய்யிற ஆளுகிட்ட "உள்ள சென்சர் இருக்கு" ன்னு முன்னாடியே சொல்லிடுங்க, தெரியாம வால்வு பக்கத்துல மெஷின வெச்சு டயர அமுக்குனா சென்சர் ரெண்டா ஒடைஞ்சுடும். வால்வு அலுமினிய தண்டா இருந்தா உள்ள காத்த அடைச்சு வெக்கிற ஊசி நிக்கல் பூசுனதா இருக்கணும், சாதா பித்தளை ஊசி போட்டா ரெண்டு உலோகமும் அரிச்சு ஒட்டிக்கும், உரமூட்டையும் சேறும் ஏறி எறங்குற வண்டில இது இன்னும் சீக்கிரம். மூடியும் பிளாஸ்டிக் மூடியே போதும், பளபளன்னு இரும்பு மூடி வேணாம், இறுகிப்போச்சுன்னா திருகுறப்ப தண்டே கையோட வந்துடும். டயர் மாத்துறப்பல்லாம் அந்த ரப்பர் வாஷர், நட்டு, ஊசி செட்ட புதுசா போட சொல்லுங்க, சின்ன காசுதான்.

இப்ப கையில காசு தோதுப்படலன்னா வால்வு மூடிக்கு பதிலா வெளிய திருகுற சென்சர் செட்டு இருக்கு, சின்ன ஸ்கிரீனோட வரும், பேட்டரிய நீங்களே மாத்தலாம், நீங்களே அளவு வெச்சுக்கலாம். லோடு ஏத்துற வண்டிக்கு அந்த கடைசி விஷயம் ரொம்ப ஒதவும், பின் டயருக்கு எச்சரிக்கைய ஒசத்தி வெச்சுக்கலாம். ஆனா ரப்பர் வால்வு மேல அந்த எடைய ஏத்துனா ஆடி ஆடி அடியில வெடிப்பு விடும், உலோக வால்வா மாத்திட்டு போடுங்க, சோப்பு தண்ணி ஊத்தி கசியுதான்னு பாருங்க. இத போட்டாலும் டேஷ்போர்டு மஞ்ச லைட்டு எரிஞ்சுகிட்டுதான் இருக்கும், அது வேற இது வேற.

வீட்டுக்காரருக்கு இன்னொன்னு. சென்சர் எல்லாம் சரியானதுக்கப்புறம் ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப லைட்டு வந்துச்சுன்னா பிரேக்க அழுத்தி மிதிக்க வேணாம், ஸ்டேரிங்க ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து வேகத்த தானா கொறய விடணும், பத்திரமான எடத்துல ஓரங்கட்டி பாக்கணும். ரொம்ப எறங்குன டயர்ல "மில்லு பக்கத்துலதானே" ன்னு லோடோட ஓட்டிட்டா வெளிய பஞ்சர் மட்டும் ஒட்டுனா போதாது, டயர கழட்டி உள்பக்க சுவர பாக்க சொல்லணும், கருப்பு பொடி மாதிரி கொட்டுச்சுன்னா ரப்பர் அரைஞ்சு போச்சு, அந்த டயர் வேணாம். அடியில தொங்குற ஸ்பேரையும் மாசத்துக்கு ஒரு தடவ அளந்து பாருங்க, நெறய வண்டில ஸ்பேர்ல சென்சர் இருக்காது, அத மாட்டுனா லைட்டு திரும்ப மினுக்கும், ஒட்டுன டயர திருப்பி மாட்டி கொஞ்ச தூரம் ஓடுனதும் தானா போயிடும்.